ஒன்றேகால் அங்குலம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீ நலமா? உன் மகள், நம் வாலுவுக்கு வாந்தி நின்றதா? கப்பலுக்குப் போன அவள் கணவனிடமிருந்து தகவல் வருகிறதா? உன் வீட்டில் இருக்கும் இன்னொருவரைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் வழக்கம்போல் அதைக் கவனித்திருப்பாய்.

ஒரு சந்தேகம் கேட்கவே எழுதுகிறேன். தெருச் சங்கத்தில் ஒட்டுப்போர்வை தைக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று என் மனைவி மூன்று வகுப்புக்குப் போனாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நடுவே பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுக்கிற போர்வை அது. நான்காவது வகுப்பன்று பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கணக்கு ஒத்து வரவில்லை என்றாள். சதுரத்தைச் சதுரத்தோடு சேர்ப்பதில் என்ன கணக்கு என்று கேட்டுவிட்டேன்.

"அவ்வளவு சுலபம்னா நீங்களே தைங்களேன். ஆபீஸை விட்டு வந்ததுலேர்ந்து சுவத்தைத்தானே முறைச்சுப் பாத்துட்டு இருக்கீங்க" என்றாள்.

இருபத்தாறு வருஷம் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவன் நான். என்னிடம் பென்சில் சீவக் கற்றுக்கொண்டவனை எனக்கு மேல் நாற்காலியில் உட்கார வைத்ததால் எழுந்து வந்தேனே தவிர, எனக்குக் கோடு போடத் தெரியாமல் போய்விடவில்லை. அன்றே பலகையை எடுத்து வைத்து, வாலுவின் பிள்ளைக்கு என்று ஒரு போர்வை வரைந்தேன். அகலத்தில் ஆறு சதுரம், நீளத்தில் எட்டு. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி. ஆக முப்பத்தாறுக்கு நாற்பத்தெட்டு. அடித்துணியும் அதே அளவு. ஒவ்வொரு துண்டையும் இரும்பு அளவுகோல் வைத்து, மயிரிழை பிசகாமல் வெட்டினேன்.

தைத்து முடித்து அளந்தால் முப்பத்துமூன்றரைக்கு நாற்பத்துநாலரை.

துணி சுருங்கியிருக்க வேண்டும். கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டேன். நனைக்காத துணி எப்படிச் சுருங்கும் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். மூன்று டேப்பில் அளந்து பார்த்துவிட்டேன், மூன்றும் சதி செய்கின்றன. உனக்கு ஏதாவது தெரியுமா?

தொலைபேசியில் கேட்டால் என்ன என்பாய். உங்கள் தொலைபேசி தையல்கடையில், உன் வீட்டுக்காரர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. அவர் குரலைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தச் சாதனையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி

*

ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். வாலுவுக்கு வாந்தி நின்றுவிட்டது, வாய்தான் நிற்கவில்லை. உன் கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டு, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். முழங்காலுக்கு எண்ணெய் தடவு. மாடிப்படியில் கோபத்தோடு ஏறாதே.

உன் துணி சுருங்கவில்லை. நீ தையலுக்குத் துணி விடவில்லை. இரண்டு துண்டைச் சேர்க்கும்போது ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் உள்ளே மடிந்து போய்விடும். ஒரு தையல் அரை அங்குலம் தின்னும். நீளவாக்கில் ஏழு தையல், மூன்றரை அங்குலம் போயிற்று. அகலத்தில் ஐந்து, இரண்டரை போயிற்று. கணக்குச் சரியா? கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிடு.

எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். சுற்றிலும் ஒரு கரை வைத்துவிடு. பக்கவாட்டுக்கு ஒன்றேமுக்கால் அங்குல அகலத்தில் பட்டை வெட்டு, தைத்தபின் ஒன்றேகால் தெரியும். மேலேயும் கீழேயும் இரண்டேகால் வெட்டு. அகலம் ஏன் மாறுகிறது என்று யாராவது கேட்டால், தலைமாடு கால்மாடு தெரிவதற்காக என்று சொல். தப்பாக வந்ததற்கு ஒரு காரணம் வைத்துவிட்டால் அது வேலைப்பாடு ஆகிவிடும். பட்டை ஏதாவது கோணினால் பிரித்துத் தை. எத்தனை முறை பிரித்தாலும் துணி கோபித்துக்கொள்ளாது.

வாலு ஒன்று சொல்லச் சொன்னாள். "மாமா தச்சது தபால்ல வந்தா நான் வாங்க மாட்டேன். அவரே வந்து, அவர் கையாலே பிள்ளைக்குப் போத்தணும். இல்லைன்னா பிள்ளையைச் செய்தித்தாள்ல சுத்தி வச்சுக்கிறேன்." ஏப்ரல் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி எண்ணெய் தடவினேன். முழங்கால் பரவாயில்லை, விரிப்புதான் பாழ். உன் கடிதம் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். வரைபடத்தில் கோட்டுக்குத் தடிமன் கிடையாது, அக்கா. இரண்டு அறைக்கு நடுவே கோடு போட்டால் எந்த அறையும் சிறுத்துப் போவதில்லை. இத்தனை வருஷம் அந்த உலகத்தில் இருந்துவிட்டேன். கடைக்காரனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் ஒரு கஜம் துணி வாங்கினேன், அவனுக்கு அது போதும்.

கரை வைத்தாயிற்று. மேல்துணி இப்போது முப்பத்தாறுக்கு நாற்பத்தெட்டு, மூன்று டேப்பும் ஒப்புக்கொள்கின்றன. தலைமாடு கால்மாடு விளக்கத்தை என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப தலைமாடும் கால்மாடும் ஒரே மாதிரி இருக்கே, எது எது?" என்று கேட்டாள். பதில் இருந்தால் எழுது.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. உலகத்தில் எத்தனையோ அளவு இருக்க, ஒன்றேகால் அங்குலம்தானா எனக்கு வாய்க்க வேண்டும்? நீ மறந்திருக்கலாம். நானே வரைந்து, நானே நின்று கட்டிய வீட்டைப் பார்க்க நாற்பது பேர் வந்திருந்த அன்று, உன் வீட்டுக்காரர் கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி என் முன்னறையை இந்த ஓரத்தில் ஒரு தடவை, அந்த ஓரத்தில் ஒரு தடவை அளந்தார். "மாப்பிள்ளே, இந்தச் சுவர் ஒண்ணேகால் அங்குலம் கோணலா ஓடுதே. துணியா இருந்தா நான் இழுத்துச் சரி பண்ணிடுவேன்" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். என் மேலதிகாரி சிரித்தார். பென்சில் சீவியவனும் சிரித்தான். அடுத்த மாதம்தான் அவனுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நீ சொல்வாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதனால் போர்வை தபாலில்தான் வரும். வாலு செய்தித்தாளைத் தேடி வைக்கட்டும்.

அடுத்த சிக்கல். மேல்துணி, பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டினால் மேலே மட்டும் முன்னால் போகிறது, கீழே பின்தங்குகிறது. திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் விரல் கனத்துக்குச் சுருக்கம். மூன்று முறை பிரித்தேன். என்ன செய்வது? சீக்கிரம் எழுது.

கேட்க மறந்தேன், இதெல்லாம் உனக்கு எப்போது தெரிந்தது? பள்ளிக்கூடத்தில் கைக்குட்டைக்கு ஓரம் தைக்கச் சொன்னபோது உன் பாவாடையோடு சேர்த்துத் தைத்து, கைக்குட்டையும் பாவாடையுமாக வீட்டுக்கு வந்தவள் நீ.

உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே நாங்கள் இருவரும் நலம். அவர் இடுப்புப் பிடிப்புக்கு வைத்தியம் பார்க்கத் தன் தம்பி வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. கடை பூட்டியிருக்கிறது. ரவிக்கை கொடுத்தவர்கள் எல்லோரும் என்னிடம் வந்து முறைக்கிறார்கள்.

வாலுவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். மாடியில் ஒரு பூனை குட்டி போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டில் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், அதில் பாதி நம் கொடியில் காய்ந்த துணிக்கு.

எனக்கு எப்போது தையல் தெரிந்தது என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷம் தையல்கடைக்குப் பின்னால் குடியிருந்தால் கதவும் நாற்காலியும்கூடத் தைக்கக் கற்றுக்கொள்ளும். சுருக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் பொறு. அதுவரை அதன்மேல் கை வைக்காதே.

நீ எழுதியதை நான் மறக்கவில்லை. அன்று நான்தான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன், தம்பி. அதை நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். உன்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வாலுவின் கால் எப்படி இருக்கிறது? உயரமாகத் தலையணை வைத்துப் படுக்கச் சொல். நான் நலம். போர்வை நலமில்லை.

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நாள் ஓடுகிறது. கடைசியில் பூனைக்குட்டிச் செய்தியோடு ஒரு கடிதம் வந்தது. அது வருவதற்கு முந்தின நாள் நானே ஒரு முடிவு எடுத்திருந்தேன். மூன்று தாள் நழுவாமல் இருக்க வரைபட அறையில் என்ன செய்வோம்? பசை போடுவோம். பஞ்சின் இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டும் பசையைச் சீராகத் தடவி, மேல்துணியையும் அடித்துணியையும் ஒட்டி, மேலே என் பழைய வரைபலகையை வைத்து, பலகைமேல் இரண்டு மூட்டை அரிசியை ஏற்றி ஒருநாள் விட்டேன்.

சுருக்கம் துளியும் இல்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் காலையில் எடுத்தபோது போர்வை மடங்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்தேன், நின்றது. தைக்கப் பார்த்ததில் மூன்று ஊசி உடைந்தன. நான்காவது உள்ளேயே தங்கிவிட்டது, அப்புறம் குறடு வைத்துப் பிடுங்கினேன்.

என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இதைப் போத்தினா பிள்ளை தூங்காது. எழுந்து நிக்கும்" என்றாள். பிறகு, "கதவு ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்களே, கொல்லைப்புறத்துக்கு இதை மாட்டிடலாமா?" என்றாள். இப்போது தெருச் சங்கம் முழுக்க விஷயம் பரவிவிட்டது. காய்கறி வாங்கப் போனால், "கதவு எப்படி இருக்கு சார்?" என்று கேட்கிறார்கள். கேட்டவர்கள் ஐந்து பேர். ஐவரையும் நினைவில் வைத்திருக்கிறேன்.

வாலுவிடம் இதைச் சொல்லாதே. ஏதாவது வழி இருந்தால் எழுது. இல்லாவிட்டால் ஒரு கீல் வாங்கி அனுப்பு.

உன் தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம், வாலுவின் வீக்கம் வடிந்துவிட்டது. இடுப்பும் சரியாகி அவர் திரும்பிவிட்டார். உன் கடிதத்தை வாலுவிடம் சொல்லாமல் இருக்க முயன்றேன். நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டாள்.

கீல் வேண்டாம், போர்வையைக் காப்பாற்றலாம். காகிதப் பசை தண்ணீரில் கரையும். அகலத் தொட்டியில் தண்ணீர் விட்டு முழுதாக ஊற வை. பசை இளகியதும் மூன்றையும் பிரித்தெடு. பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கு. அடித்துணியும் மேல்துணியும் தேறிவிடும்.

ஆனால் ஊற வைக்கும் முன்னால் ஒன்று செய். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துச் சிவப்புச் சதுரத்தின்மேல் அழுத்தித் தேய். வெள்ளையில் சிவப்பு ஏறினால் ஊறப்போடாதே. உடனே எழுது, வேறு வழி சொல்கிறேன். இதை விட்டுவிடாதே.

காய்ந்ததும் அடித்துணியைத் தரையில் இழுத்துப் பிடித்து, ஓரங்களில் ஒட்டு நாடா போட்டு நிறுத்து. அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாக, விரல் நீளத்துக்குப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் கையால் போட்டு மூன்றையும் பிணைத்துவிடு. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மெஷினில் ஓட்டு, அதுவும் நடுவிலிருந்தே. முடிந்ததும் கைத்தையலை உருவி எடுத்துவிடலாம்.

பிரிக்கிறபோது ஒவ்வொரு தையலாக நோண்டாதே. ஒரு பக்கம் நாலு தையலுக்கு ஒன்று பிளேடால் வெட்டு. மறுபக்கம் நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக வரும். பொறுமையாகச் செய். துணி கோபித்துக்கொள்ளாது.

தலைமாடு எது என்று உன் மனைவி கேட்டதற்குப் பதில்: பிள்ளை எந்தப் பக்கம் தலை வைக்கிறதோ அது.

உன் அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

நலம்.

சிவப்பைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தாய். நான் தேய்க்கவில்லை. சாயம் போகாது என்று கடைக்காரன் அடித்துச் சொல்லியிருந்தான். ஜனவரியில் அவனை நம்பாமல் தலைகுனிந்தேன், இந்த மாதம் நம்பித் தொலைத்தேன். சனிக்கிழமை காலை தொட்டியில் போட்டுவிட்டுப் பேப்பர் படித்துவிட்டு வந்தால் தண்ணீர் மாதுளைச் சாறு போல் இருக்கிறது. வெள்ளைச் சதுரம் இருபத்துநாலும் ரோஜா நிறம்.

கடிதம் போட்டு உன் பதில் வரப் பத்து நாள் ஆகும். நனைந்த துணி பத்து நாள் காத்திருக்காது. என் மனைவி தொலைபேசியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "ரோஷமா, போர்வையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றாள்.

சுழற்றினேன். நீ எடுக்க வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

"டெய்லர் கடை. சொல்லுங்க."

தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாருங்க? மூச்சு மட்டும் வருது. அளவு ரவிக்கை கொண்டு வந்தாத்தான் தைப்பேன், போன்ல அளவு எடுக்க முடியாது."

"சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டது" என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"தண்ணியிலே இருக்கா, வெளியே எடுத்துட்டீங்களா?"

"தண்ணீரில்."

"எடுத்துடாதீங்க. காய விட்டா சாயம் பிடிச்சுக்கும், அப்புறம் போகாது. இந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, கை பொறுக்கிற சூட்டில தொட்டி நெறைய வேற தண்ணி விடுங்க. சோப்புத் தூள் ஒரு கை. அரை மணிக்கு ஒரு தடவை கிளறணும். தண்ணி செவந்ததும் கொட்டிட்டு வேற. தண்ணி வெளுப்பா நிக்கிற வரைக்கும் விடக்கூடாது. ஒவ்வொரு தண்ணிக்கும் என்ன நிறம்னு எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாவது தண்ணீருக்குச் சொன்னேன், மூன்றாவதுக்குச் சொன்னேன். பதினோரு வருஷத்துப் பேச்சு ஒரே நாளில் தண்ணீரின் நிறத்தைப் பற்றியே நடந்தது. இரண்டு பேரும் வேறு எதுவும் பேசவில்லை. ஆறாவது தண்ணீருக்கு அழைத்தபோது என் முதுகு ஒடிந்துகொண்டிருந்தது. இது தேறாது, தூக்கிப் போடப்போகிறேன் என்றேன்.

"அப்படியெல்லாம் விட்டுடாதீங்க, மாப்பிள்ளே. இன்னும் மூணு தண்ணி பாருங்க. துணி கோவிச்சுக்காது" என்றார்.

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். மீதி மூன்று தண்ணீரை நிறம் சொல்லாமலே மாற்றினேன்.

என்னை முட்டாள் என்று நினைத்துவிட்டாய், அக்கா. துணி கோபித்துக்கொள்ளாது என்று இரண்டு கடிதத்தில் எழுதினாயே, அது யார் பேச்சு? கரைக்கு ஒன்றேகால் என்று சொன்னது யார்? அவர் ஊரில் இல்லாத இரண்டு வாரமும் உனக்கு ஏன் பூனைக்குட்டி தவிர வேறெதுவும் எழுத வரவில்லை? இரண்டு மாதமாக நான் யாரிடம் தையல் படித்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஒன்பது தொட்டித் தண்ணீர் பிடித்திருக்கிறது. இனி நீ எதுவும் எழுத வேண்டாம்.

தம்பி

*

மார்ச் 27

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. எனக்கு ரசீது எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுத வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் அக்காவைக் கோபிக்க வேண்டாம். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே தெரியாது. உங்கள் கடிதம் வந்தால் கடையில் வந்து படிப்பாள். நான் மெஷினில் இருந்தபடியே பதில் சொல்வேன், அவள் எழுதிக்கொள்வாள். யார் சொன்னது என்று போட்டுவிடு என்று முதல் தடவையே சொன்னேன். "போட்டா பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டான், பசையைத் தடவிடுவான்" என்றாள். போடாமலே தடவிவிட்டீர்கள். அந்தப் பசை விஷயத்துக்கு நான் சிரித்தேன், மறைக்கவில்லை. ஆனால் கடையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில்தான் சிரித்தேன்.

அதைத்தான் சொல்ல வந்தேன். என் கடைக்கு ஒருத்தர் வருகிறார், சட்டை போட்டுப் பார்க்கிறார், ஒரு தோள் இறங்கியிருக்கிறது. தோள் சட்டையுடையது இல்லை, அவருடையது. அதை நான் சத்தமாகச் சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு மடிப்புப் பஞ்சு வைத்துச் சரி பண்ணிக் கொடுத்துவிடுவேன். அவருக்கே தெரியாது. முப்பத்தஞ்சு வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். உங்கள் வீட்டில் மட்டும் நாற்பது பேருக்கு நடுவே டேப்பை எடுத்துவிட்டேன். இவ்வளவு படித்த மாப்பிள்ளை கட்டிய வீட்டில் எனக்கும் ஏதோ தெரியும் என்று காட்ட ஆசை. அளந்தது தப்பில்லை, வாய் விட்டது தப்பு. அப்போதே வந்து சொல்லியிருக்க வேண்டும். முதலில் பயம், அப்புறம் வெட்கம், அப்புறம் பழகிவிட்டது.

வெள்ளையில் ஏதாவது ஒரு சதுரத்தில் சாயம் தங்கியிருக்கும். தங்காமல் இருக்காது. அதை மாற்ற வேண்டாம்.

வாலு கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். நீங்கள் வருகிற அன்று நான் வேண்டுமானால் தம்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன், இடுப்பு வலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அத்தான்

*

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியாது. நேற்று முன்தினம் காலை வாலுவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சௌக்கியம். பிள்ளை உன்னைப் போலவே பிறந்த உடனே முறைத்தது. நர்ஸை, டாக்டரை, என்னை, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து வைத்துக்கொண்டது.

வாலு கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்திருக்கிறாள். வந்து பார்க்கிறவர்களிடம், "என் மாமா ஒரு போர்வை தச்சிருக்கார். அது வரும், இல்லைன்னா இது இருக்கு" என்கிறாள். பிறகு அவர்கள் போனதும் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

அவர் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஒரு மாதம் ஆகிறது. நான் ஏதும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பத்தரை மணி ஆனால் மட்டும் பொத்தான் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுகிறார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம். தபால்காரர் போனதும் வெளிச்சம் போய்விடுகிறது, உள்ளே வந்துவிடுகிறார். பொத்தான் தைக்கிற வேலை எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிற பொத்தான்களை வெட்டித் திரும்பத் தைக்கிறார்.

முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் அக்கா

*

மே 2

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். உங்கள் இடுப்பு எப்படி இருக்கிறது? வாசற்படியில் வெகுநேரம் உட்காராதீர்கள், இடுப்புக்கு ஆகாது. இங்கே நானும் உங்கள் தங்கை ஸ்தானத்தில் இருக்கும் என் மனைவியும் நலம். அவள்தான் இந்தக் கடிதத்தை நான் எழுதி முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு மாதம் பதில் எழுதாததற்கு இரண்டு காரணம். ஒன்று, போர்வை. நீங்கள் சொன்னபடி, அதாவது அக்கா எழுதியபடி, அடித்துணியை இழுத்து நாடா போட்டு, புதுப் பஞ்சு வைத்து, நடுவிலிருந்து கைத்தையல் போட்டேன். ஊசி பிடித்த விரலில் ஓட்டை விழுந்தது. மெஷினையும் நானே ஓட்டினேன். சுருக்கம் இல்லை. முந்தாநாள் தெருச் சங்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். கதவைப் பற்றிக் கேட்ட ஐந்து பேரில் மூன்று பேர் அதில் இருந்தார்கள். தலைமாடு கால்மாடு விளக்கத்தை நான் சொல்வதற்குள் அவர்களே, "மேலேயும் கீழேயும் கரை அகலமா வச்சிருக்கீங்களே, என்ன அழகு" என்றார்கள். மூவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒரு சதுரத்தில் ரோஜா நிறம் தங்கிவிட்டது. கீழ்வரிசையில் நான்காவது. எப்படித் தெரிந்தது உங்களுக்கு? மாற்றவில்லை.

இரண்டாவது காரணம், உங்கள் கடிதத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. பதினோரு வருஷமாகவே இருந்தது. அதை எழுதக் கை வரவில்லை.

அன்று நீங்கள் எல்லோரும் போன பிறகு, மறுநாள் காலை, வீட்டில் யாரும் எழுவதற்கு முன்னால் இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு போய் முன்னறையை அளந்தேன். நீங்கள் பொய் சொல்லிவிட்டீர்கள் என்று நிரூபிக்கத்தான். அளந்ததும் ஒரு அலமாரியை நகர்த்தி அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். அலமாரிக்குப் பின்னால் ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தது, அதற்கு அட்டையை மடித்துச் செருகினேன். அந்த அலமாரியைத்தான் பதினோரு வருஷமாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள்மேல் கோபம் என்று எல்லோரிடமும் சொன்னேன். கோட்டைப் போட்ட கை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

நேற்று அலமாரியை நகர்த்திவிட்டேன். அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன். என் மனைவி துடைப்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா நான் பதினோரு வருஷம் அலமாரிக் கதவைப் பாதி திறந்து பாத்திரம் எடுத்தேன்?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். போர்வையை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் தம்பி வீட்டுக்குப் போக வேண்டாம். வாலுவிடம் செய்தித்தாளைப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அக்காவிடம், அவள் சிரித்ததையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவள் பட்டியலில் இல்லை என்று நான் எழுதியது பொய்.

நான் திரும்பும்போது நீங்களும் இரண்டு நாள் இங்கே வந்து இருங்கள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வாருங்கள். முன்னறை காலியாக இருக்கிறது, மறுபடி அளந்து பார்க்கலாம். ஏனென்றால் நீங்கள் அன்று சொன்னது தவறு, அத்தான். ஒன்றேகால் இல்லை. ஒன்றரை.

கால் அங்குலம் நீங்கள் தையலுக்கு விட்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை